யாரும் வாசிக்காத அத்தியாயம்

மூன்று ஹெட்செட் வாங்கினேன். மூன்றிலும் இடது பக்கம் வேலை செய்யவில்லை. முதலாவதைப் பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கினேன். இரண்டாவதைப் பூனாகலைச் சந்திக் கடையில். மூன்றாவதுக்குப் பதுளைக் கடைவீதிக்கே போய், "நல்லதாப் பாத்துக் குடுங்க தம்பி, இதுக்கு முந்தி வாங்குனதெல்லாம் குப்பை" என்று கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கேக்குதே அக்கா" என்றார். வாங்கி என் காதில் மாட்டினேன். இடது பக்கம் செத்துக் கிடந்தது.

"உங்க காதுல கேக்கும் தம்பி. என் காதுல கேக்கல" என்றேன். சொன்னேனே தவிர, என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. வயரைத் திருப்பி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டச் சொன்னார். அப்போதும் வலது காதில்தான் என் பிளேயரில் இருந்த கதை ஓடியது. இடது காதில் ஒன்றுமில்லை.

"வயரு நல்லாத்தான் இருக்கு அக்கா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போங்க" என்றார். காசைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க வழி தேடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. ஆனாலும் போனேன்.

நான் யாரென்று சொல்லவில்லையே. பேர் மேரி. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். பகல் சாப்பாடு முடிந்து எல்லாம் தூங்கியதும் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். போனில் யாராவது கூப்பிடுவார்கள் என்பதால் அதைத் தொடமாட்டேன். தீப்பெட்டி அளவில் ஒரு மியூசிக் பிளேயர் வைத்திருக்கிறேன். இடது காதில் கதை, வலது காது பிள்ளைகளுக்கு. நாலு வருசமாக அதுதான் ஏற்பாடு.

அந்தப் பிளேயரில் இருந்தது ஒரு ஓடக்காரியின் கதை. பெரிய ஆறு ஒன்றில் ஓடம் விடுகிறவள், அக்கரைக்குப் போன தங்கச்சி திரும்பி வருவாள் என்று காத்திருக்கிறாள். மெமரி கார்டில் ஏற்றிய கடையில் முதல் பாகம் வெட்டுப்பட்டுப் போனதால் எழுதியவர் யார், வாசிப்பவர் யார் என்று தெரியாது. வாசிக்கிறவள் ஒரு பெண். தொண்டை கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு பத்தி தொடங்கும் முன்னாலும் எச்சிலை விழுங்குவாள். அந்தச் சத்தம் கேட்டால் நானும் நிமிர்ந்து உட்காருவேன்.

முப்பத்தோராவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இடது பக்கம் நின்றது. அதே நாள் காலையில் எழும்பியதும் "உஷ்ஷ்" என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் டிவிசன் பெக்டரியில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகள் ஓடினால் அப்படித்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஆனால் பெக்டரியை மூடி ஒரு வருசமாகிறது. மறுபடி தொறந்துட்டாங்க என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோசம். தண்ணி பிடிக்கப் பீலியில் நின்ற பெண்களிடம், "பெக்டரி ஓடுது, கேக்கலியா?" என்று கேட்டேன். ஒருத்தி, "ஒங்களுக்கு மட்டும் ஓடுது போல" என்று சிரித்தாள். கோவம் வந்துவிட்டது. எட்டு நாள் அந்தப் பெக்டரி என் காதுக்குள் ஓடியது, நான் ஹெட்செட் வாங்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் காது டொக்டர் ஒரு சின்னப் பெண், யாழ்ப்பாணத்துப் பக்கம். இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது அம்மா?" என்றார். வலது பக்கம் என்றேன். அவர் முகம் மாறியது. "எத்தினை நாள்?" எட்டு என்றேன். "ஏனம்மா இவ்வளவு நாளும் வரேல்லை?" வயர் பழுது என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். காதுக்கு உள்ளே நத்தை ஓட்டைப் போல ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் மயிரை விட மெல்லிய இழைகள். சத்தம் வந்தால் அவை ஆடும், நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகும். சில பேருக்குக் காரணமே தெரியாமல் ஒரே இரவில் அந்த இழைகள் படுத்துவிடும். சீக்கிரம் வந்தால் ஸ்டீரோயிட் என்ற மருந்தால் எழுப்பிப் பார்க்கலாம். அதுவும் போதாவிட்டால் செவிப்பறை வழியாக அதே மருந்தை ஊசியால் உள்ளே விடலாம். நாள் போகப் போக எழும்பாது. என் காதுக்குள் கேட்ட பெக்டரியும் அந்த நோயின் சத்தம்தான். அன்றைக்கே வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

ஒற்றைக் காதோடு இருப்பது என்னவென்று அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. சத்தம் குறைவதில்லை. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாமல் போகிறது. நர்ஸ் மிஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். தள்ளுவண்டி வாசலில் வரும், எனக்குச் சுவருக்குள்ளிருந்து வரும். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி மலை மறையும், பிறகு மலை திரும்ப வரும். மருந்தினால் தூக்கமும் ஒழுங்காக இல்லை. விழித்திருக்கிறேனா கண் அயர்கிறேனா என்று தெரியாமலே பகல்கள் போயின. வலது காதில் ஓடக்காரி தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பாள். எனக்கென்னவோ கட்டிலும் கொஞ்சம் மிதப்பதாகப் படும்.

பக்கத்துக் கட்டிலில் சுமனா, பஸ்ஸரைப் பக்கத்துச் சிங்களப் பெண். மூக்கில் சத்திரசிகிச்சை செய்து பஞ்சு வைத்திருந்தார்கள். அவளுடைய தமிழும் என் சிங்களமும் சேர்ந்தால் ஒரு முழுப் பேச்சு வரும். எனக்கு வரும் சாப்பாட்டில் உப்பில்லை என்று தன் வீட்டுத் தேங்காய்ச் சம்பலை எடுத்து ஓரமாக வைப்பாள். மருந்தால் சீனி கூடும் என்று எனக்கு வெறும் தேத்தண்ணி. தன் தேத்தண்ணியையும் சீனி இல்லாமலே குடித்தாள். கேட்டால், "தனியா நல்லால்ல நே அக்கா" என்பாள்.

என் வீட்டுக்காரர் சேவியர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். பின்னேரம் லொறியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவார். வந்த முதல் நாள் இடது பக்கம் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசியிருக்கிறார். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் என் மேல கோவமா?" என்று கையைப் பிடித்து ஆட்டியபோதுதான் ஆள் இருப்பதே தெரிந்தது. எதற்குக் கோவம் என்றேன். ஹெட்செட் விசயமாக என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் மன்னிப்புக் கேட்டது கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் அதுதான் முதல் தடவை, அதையும் நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் வந்தவர் வலது பக்கம் உட்கார்ந்தும் பேச்சு வராமல் இருந்தார். தோண்டித் துருவிக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேரி. ஒப்பீஸ்ல கேட்டாங்க, நீ எப்ப வருவேன்னு."

"அப்புறம்?"

"தவமணி ஏதோ சொல்லியிருக்கா. அவ புத்தி ஒனக்குத் தெரியும்தானே."

"என்ன சொன்னா?"

"காது கேக்காத பொம்பளகிட்ட பிள்ளைய எப்படி விடுறதுன்னு."

தவமணியும் என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறவள், அவள் பிள்ளைக்கு ஏழு மாதம். தவழ ஆரம்பித்த பிள்ளை. எதைக் கண்டாலும் வாயில் போடும். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளைக்குப் புரையேறினால் எந்தத் தொட்டில் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து திரும்புவதற்குள் என்னவும் நடக்கலாம். அந்தக் காம்பரா இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. பதினெட்டு வருசமாக அந்தத் தொட்டில்கள்தான்.

அடுத்த நாள் காலையில் காதை அளக்கும் பரிசோதனை. வந்த அன்று ஒரு தடவை எடுத்திருந்தார்கள், இடது காது கோடு அடிமட்டத்தில் கிடந்தது. மெத்தை வைத்த சுவர்களுள்ள சின்ன அறை. காதில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு பட்டன். "ச்சின்ன சத்தம் வந்தாலும் அமத்துங்க அம்மா" என்று சொல்லிவிட்டு, பரிசோதிக்கிற ஐயா எனக்குப் பின்பக்கமாகக் கண்ணாடிக்கு அந்தப் புறம் போய் உட்கார்ந்தார். வலது காது உதவி செய்யாமலிருக்க அதில் காற்றடிக்கிற சத்தத்தைப் போட்டார்.

எனக்கு எதிரே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு அறிவித்தல் மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில் அவருடைய முழங்கை தெரிந்தது. சத்தம் போடும்போதெல்லாம் முழங்கை கொஞ்சம் உயரும்.

ஒன்றும் கேட்கவில்லை. முழங்கை உயர்ந்தது. பட்டனை அமத்தினேன்.

வேண்டுமென்றுதான் செய்தேன். எல்லாவற்றுக்கும் அமத்தினால் பிடித்துவிடுவார்கள் என்று நடுநடுவே சும்மாவும் இருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரி. வெளியே வந்தபோது ஐயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஹரி ஹொந்தாய், நல்லா வந்திருக்கு!" என்று கோட்டைக் காட்டினார். டொக்டரும் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம் அம்மா. இனிக் காதுக்குள்ள ஊசி தேவையில்லை. நாளைக்கு வீட்டை போகலாம், மருந்துக் குளிசையை மட்டும் முடியுங்கோ" என்றார். சேவியருக்குப் போன் பண்ணினேன். லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, மனுசன் அழுதார். நான் நல்லாயிருக்கிறேன் என்று அரை மணி நேரத்தில் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்செட்டை எடுத்தேன். கோடு ஏறியிருக்கிறது, காதும் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. பொய்யைச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது. வலது பக்கத்தைக் கழற்றித் தொங்கவிட்டு இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். வெளியே தூறல். எதிர்க் கட்டில் தெரிகிறது, சுமனாவின் மூக்குப் பஞ்சு தெரிகிறது. கண் திறந்துதான் இருந்தது.

கேட்டது. கடவுளே, கேட்டது! முதலில் அந்த எச்சில் விழுங்கும் சத்தம், பிறகு அவள் குரல், அதே கரகரப்பு. ஓடக்காரி ஓடத்தைத் திருப்புகிறாள். ஆறு மலை மேல் ஏறுகிறது. தண்ணீர் மெல்ல மெல்ல வெள்ளையாகி மூடுபனியாகிறது, தேயிலைக்கு மேலே ஓடம் போகிறது, கீழே பச்சை நிரை நிரையாக நகர்கிறது. அக்கரை என்று அவள் நினைத்த இடம் எங்கள் பிள்ளைக்காம்பரா. வாசல் தூணில் ஓடத்தைக் கட்டிவிட்டு உள்ளே வருகிறாள். தொட்டில்கள் காற்றில்லாமலே ஆடுகின்றன. ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்க்கிறாள். கடைசித் தொட்டிலில் தங்கச்சி கைக்குழந்தையாகப் படுத்திருக்கிறாள். "இவ்வளவு நேரமா?" என்று குழந்தை கேட்கிறது. நான் அழுதுகொண்டிருந்தேன். கதைக்கு அழுதேனா, காது வந்ததற்கு அழுதேனா, சொல்லத் தெரியாது. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சுமனா எழும்பி வந்து என் தோளைத் தொட்டாள். "என்ன அக்கா அழுற?"

"கேக்குது சுமனா! இடது காதுல கதை கேக்குது!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த எதையோ எடுத்து என் மடியில் வைத்தாள். வயரின் மற்ற நுனி. எதிலும் குத்தாத வெறும் நுனி.

"பிளேயர் காலையில மிஸ்கிட்ட சார்ஜ் போடக் குடுத்தது நே" என்றாள்.

குடுத்தேன்தான். நானே கையால் குடுத்தேன். மிஸ்ஸின் மேசையில் அது சிவப்பு லைட்டோடு கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது.

பயம் என்றால் அதுதான் பயம். காது போனது கூட அவ்வளவு பயமாக இல்லை. யாரும் வாசிக்காத ஒரு அத்தியாயத்தை எச்சில் விழுங்கும் சத்தத்தோடு கேட்டவள், நாளைக்கு அழாத பிள்ளையின் அழுகையைக் கேட்பேன். அழுகிற பிள்ளை தூங்குவதாகவும் கேட்பேன். தவமணியின் பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றது.

பின்னேரம் டொக்டர் வந்ததும், "நான் கள்ளத்தனம் பண்ணிட்டேங்க" என்றேன். முழங்கையைச் சொன்னேன், அறிவித்தலைச் சொன்னேன், மடியில் கிடந்த வயரையும் காட்டினேன்.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்? உங்கட காதுக்குள்ள என்ன கேக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் சொன்னாத்தானே தெரியும்."

"வேல போயிரும்னு பயந்துட்டேங்க."

"ஒரு கிழமை கழிச்சுச் சொல்லியிருந்தா ஊசிக்கும் நேரம் போயிருக்கும்." கோவம்தான். ஆனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் கோவப்பட்டார். கேட்காத காது சும்மா இருக்காது, மூளை தன்னிடம் உள்ளதை எடுத்து அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும், மருந்தும் தூக்கக் குறைவும் அதற்குத் துணை, பைத்தியம் இல்லை என்று சொன்னார். பைத்தியம் இல்லை என்றதும் எனக்குப் பசி வந்தது.

சேவியரிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். "ஊரெல்லாம் சொல்லிப்புட்டேனேடி!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சரி, ஊசி வலிக்குமா?" என்று கேட்டார்.

வலித்தது. செவிப்பறையை மரக்கச் செய்துவிட்டுத்தான் போடுகிறார்கள், ஆனாலும் மருந்து உள்ளே இறங்கும்போது கட்டில் சுழன்று வார்ட்டே ஒரு பக்கம் சாய்ந்தது. போட்ட பிறகு அரை மணி நேரம் பேசாமல், விழுங்காமல் சரிந்து படுக்க வேண்டும். அப்படி நாலு தடவை. சேவியர் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வந்து, என் முகம் தெரியும் பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னால் பேச முடியாத அந்த அரை மணி நேரத்தைத்தான் அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். வீட்டில் இருபத்தாறு வருசமாகச் சொல்லாமல் வைத்திருந்த குறைகள் எல்லாம் வந்தன. பதில் சொல்ல முடியாமல் எனக்குச் சிரிப்பு முட்டும். "சிரிக்காத, மருந்து வெளிய வந்துரும்" என்பார்.

முப்பத்திரண்டாம் அத்தியாயத்தை வலது காதால் கேட்டேன். ஓடக்காரி சந்தைக்குப் போய் மீன் விற்கிறாள், மழைக்கு ஒதுங்குகிறாள், அவ்வளவுதான். என்னுடையதுதான் நல்ல அத்தியாயம் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, ஐயா சொல்லும் முன்பே நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கண்ணையும் மூடிக்கொண்டேன். பட்டனில் விரலை வைத்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம் ஒன்றுமே வரவில்லை. அமத்த வேண்டும் என்று விரல் துடித்தது. அமத்தவில்லை. பிறகு எங்கோ தூரத்தில், தடித்த குரலில் ஒரு "பூம்". அமத்தினேன். இன்னொன்று. அமத்தினேன். மெல்லிய கீச்சுச் சத்தங்கள் வரும் நேரத்தில் மறுபடி ஒன்றுமில்லை. கோடு பாதி ஏறி, பாதியில் விழுந்திருந்தது. இதற்கு மேல் வருவது சந்தேகம்தான் என்றார் டொக்டர்.

வெளியே நின்ற சேவியர் என் முகத்தைப் பார்த்தார். பாதி என்றேன். தோட்டத்தில் பாதி நாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர் என்று அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள்.

"அரைப்பேரு போட்டுட்டாங்களா? சரி வா, இல்லாததுக்கு அது இருக்கட்டும்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை விடியக் காலை, பெண்கள் வேலைக்குப் பிரிவதற்கு முன் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். சேவியர் நான் முழுசாகச் சுகமாகிவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் சிரித்த முகத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். தவமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அவரு சொன்னது பொய்யி. நான் அவருகிட்ட சொன்ன பொய்யி" என்றேன். "இடது காது பாதிதான். பின்னாடி பிள்ளை அழுதா எந்தப் பக்கம்னு ஒடனே தெரியாது. தொட்டிலு எல்லாத்தையும் என் முன்னாடி ஒரே வரிசையா மாத்திக் கட்டிட்டேன். முதுகுப் பக்கம் ஒரு பிள்ளையும் இருக்காது. மத்தியானம் கதை கேக்குறதையும் விட்டுட்டேன், இனி வீட்டுல மட்டுந்தான். ஒங்க பிள்ளைங்க, ஒங்க இஷ்டம்."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் காம்பராவுக்கு நடந்தேன். கதவைத் திறந்தேன். பால் போச்சிப் போத்தல்களைச் சுடுதண்ணியில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். வழக்கமாகப் பிள்ளைகள் வரும் நேரம் ஆயிற்று. தாண்டியும் போயிற்று. பன்னிரண்டு தொட்டிலும் வரிசையாகத் தொங்கின. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று துண்டை உதறி மடித்து வைத்தேன்.

நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். தவமணி. கூடை முதுகில், பிள்ளை கையில். எப்போதும் நிற்கிற மாதிரி என் இடது பக்கத்தில் வந்து நின்றவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் நின்றாள்.

"எட்டு மணிக்குப் பால். சளி பிடிச்சிருக்கு, தலைக்குத் தண்ணி ஊத்திராதீங்க" என்று சொல்லிப் பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு மலைக்குப் போனாள்.